அப்பா எழுதிய வே பில்

பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து வாசலில் நின்றாள். கையில் ஸ்கேன் கவர். அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாம். கழுத்தில் குழாய் போட்டுத் திங்கட்கிழமையிலிருந்து டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டுமாம்.

"அக்கா, நீங்க அப்பாவுக்காக ஆறு வருஷம் அலைஞ்சவங்க. எந்த ஆஸ்பத்திரி நல்லாருக்கும்? நீங்க சொல்ற எடத்துக்கே போயிருதோம்."

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பரணிலிருந்து அப்பாவின் தோல் பையை இறக்கினேன். தூசியைத் தட்டித் திறந்ததும் அந்த வாசம் எழுந்தது. தோலும் சில்லறைக் காசும் வேர்வையும் சேர்ந்த கண்டக்டர் வாசம். உள்ளே விசில், காது மடங்கிய டிக்கெட் அட்டை, அதற்கடியில் நீள நோட்டு.

அப்பா கோவில்பட்டி – திருநெல்வேலி வழித்தடத்தில் முப்பத்தோரு வருஷம் ஓடியவர். கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து என்று ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணை வே பில்லில் குறித்துக் குறித்துப் பழகிய கை அது. சிறுநீரகம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நோட்டில் ஸ்கேல் வைத்துப் பத்தி பிரித்திருந்தார். நடை எண், தேதி, முன் எடை, பின் எடை, பிரஷர், ஓடிய நேரம், குத்தியவர். டயாலிசிஸ் என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. 'நடை 1' என்று தொடங்குகிற நோட்டு 'நடை 588' வரை போகிறது.

ஓய்வு பெற்ற மறுவருஷம்தான் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பதினைந்து வருஷச் சர்க்கரை. அதோடு, நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த முழங்காலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள். டாக்டர் மற்ற எதையும் கேட்பதற்கு முன், "வலி மாத்திரை எத்தனை வருஷமா?" என்றுதான் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையில் அப்போதும் ஒரு அட்டை இருந்தது.

இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டார்கள். ஓடுகிற தமனியைச் சிரையோடு இணைத்துத் தைத்துவிட்டால், சில வாரங்களில் அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். 1966-இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வழி இன்றைக்கும் அதேதான். அது வளர வேண்டுமென்று தம்பி மகனின் ரப்பர் பந்தை வாங்கி அப்பா திண்ணையில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, என் உள்ளங்கையை எடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்தார். தோலுக்கு அடியில் விர்ரென்று ஓர் அதிர்வு.

"தெரியுதா தாயி? வண்டி ஸ்டார்ட்டிங்ல நிக்கி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையின் முதல் வேலை அதுதான். அப்பா எழுந்ததும் வலது கையை இடது மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். அம்மா அடுப்படியிலிருந்தே, "ஓடுதா?" என்பாள். "ஓடுது" என்ற பதில் வந்த பிறகுதான் காப்பி ஆற்றுவாள். அரை டம்ளர் காப்பி. ஒரு நாளைக்குத் தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் அவருக்கு அளவு.

முதலில் நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். தனியார் மருத்துவமனை. வழவழவென்று தரை, குளுகுளுவென்று ஏ.சி., கட்டிலுக்குக் கட்டில் டி.வி. அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் வந்திருந்ததால் டயாலிசிஸ் கட்டணத்தை அட்டை பார்த்துக்கொண்டது. அதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்கள் வயலை விற்று, நகையை விற்று, விற்க ஒன்றும் இல்லாதபோது பாதியிலேயே நின்றுபோனதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வழவழப்பான தரையில் கால் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. கிடைத்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆறு மிஷினுக்கு ஒரு டெக்னீஷியன். அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. மதியச் சாப்பாட்டை நாலு மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுவான். ஒருவருக்கு ஊசி எடுத்துவிட்டு அந்தக் கையுறையோடே அடுத்தவரின் மிஷினில் கூவுகிற மணியை அமர்த்தப் போவான். நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். பாவம், ஓடியாடி வேலை செய்கிறான் என்று நினைத்தேன்.

மிஷினில் மாட்டுகிற, ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் குழாயை ஒரு தடவையோடு தூக்கிப் போடுவதில்லை. கழுவி, மருந்து நிரப்பி, பெயர் ஒட்டி, அடுத்த முறைக்கு வைப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் தவறில்லை. அந்த அறைக்குள் நுழைந்தாலே புளித்த காடி நெடி ஒன்று மூக்கில் ஏறும். அலமாரியில் வரிசையாகக் குழாய்கள். ஒரு திங்கட்கிழமை அந்தத் தம்பி அவசரமாக ஒன்றை எடுத்து வந்து மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த டிக்கெட் என்னுது இல்லப்பா."

பெயர் அப்பாவின் பெயர்தான். இனிஷியல் வேறு. சாயங்கால ஷிப்டில் அதே பெயரில் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். இன்னொருவரின் ரத்தம் ஓடிய குழாய் அது. டிக்கெட்டில் எண்ணைப் பார்க்காமல் யாரையும் இறக்கிவிடாத மனிதர் என்பதால் அன்று தப்பினோம். மயங்கிக் கிடக்கிறவரும் எழுத்துத் தெரியாதவரும் என்ன செய்வார்கள்? அந்தத் தம்பியின் கை வெலவெலத்துப் போனது. குழாயைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரியானதைக் கொண்டுவந்தான். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அப்பாவின் நோட்டில் மட்டும் இருக்கிறது: 'நடை 97. குழாய் மாறியது. பார்த்துவிட்டேன்.'

நோட்டைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் காட்டி, 'ஓடிய நேரம்' பத்தியைப் பார்க்கச் சொன்னேன். முதல் முப்பது நடைகளில் 4.00, 4.00, 3.55. அதன்பிறகு 3.45. அதன்பிறகு 3.30. சில நாள் 3.15. அடுத்த ஷிப்ட்காரர்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். "யூரியா எல்லாம் நல்லாருக்கு, முடிச்சிருவோமா?" என்று கேட்பார்கள். அப்பாவுக்கும் அது சந்தோஷம். நாலரை மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். நோயாளிக்கும் இஷ்டம், நிலையத்துக்கும் இஷ்டம். யாரும் வருத்தப்படாமலே அரை மணி நேரம் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

நூற்றித் தொண்ணூறு சொச்சத்தாவது நடை. எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். அப்பா உப்பும் தண்ணீருமாக இரண்டு நாள் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டார். மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய அவருடைய உலர் எடை 54 கிலோ. அன்றைக்கு மிஷினுக்கு முன் எடை 58.1. நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர். அதை மூன்றரை மணி நேரத்தில் எடுத்தார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் 13 மில்லிக்கு மேல் எடுத்தால் இதயத்துக்கு ஆபத்து என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்பாவின் எடைக்கு அது மணிக்கு 700 மில்லி. அன்றைக்கு எடுத்ததோ மணிக்கு 1,200 மில்லிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டாம் மணியிலேயே கெண்டைக்கால் முறுக்கி அலறினார். கடைசியில் பிரஷர் எண்பதுக்கும் கீழே இறங்கி, கண் செருகி, தலையைத் தாழ்த்தி சலைன் ஏற்றி எழுப்பினார்கள். பேருந்தில் என் தோளிலேயே சாய்ந்து வந்தார்.

மறுநாள் காலையில் அம்மா, "ஓடுதா?" என்றாள். பதில் வரவில்லை. நான் ஓடிப்போய் மணிக்கட்டில் கை வைத்தேன். வெறும் தோல்.

"வண்டி நின்னு போச்சு தாயி" என்றார்.

பிரஷர் ரொம்ப இறங்கினால் ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அதை மீட்க முடியவில்லை. கழுத்தில் குழாய், காய்ச்சல், மறுபடி ஓர் அறுவை, இந்தத் தடவை முழங்கைக்கு மேலே, மறுபடி ரப்பர் பந்து. அப்பாவின் உடம்பு அந்த மூன்று மாதத்தில் இழந்ததைப் பிறகு ஒருபோதும் திரும்பப் பெறவில்லை. அரை மணி நேரத்துக்கு அவர் கொடுத்த விலை அது. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகப் போன இடம் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன நிலையம். பழைய வீட்டை மாற்றி அமைத்தது. ஆறே ஆறு மிஷின். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது, டி.வி. கிடையாது. எனக்கு மனசு சரியில்லை. அப்பாதான் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆறு வண்டிக்கு ரெண்டு கண்டக்டர்" என்றார்.

அங்கே ஒரு டெக்னீஷியன் பெண் இருந்தாள். அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் அவள் செய்ததெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பாவை மிஷினில் போடவில்லை. எடை பார்த்தாள். கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். "ராத்திரி எத்தனை தலகாணி வச்சிப் படுக்கீங்க ஐயா?" என்று கேட்டாள். மூச்சுத் திணறல் இருக்கிறதா என்பதை அப்படித்தான் தெரிந்துகொள்வார்களாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஃபிஸ்டுலாவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அதன்பிறகுதான் ஊசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒருவரை விட்டு அடுத்தவரிடம் போகும்போது கையுறையைக் கழற்றிப் போட்டு மறுபடி கை கழுவுவாள். ஷிப்டுக்கு முப்பது நாற்பது தடவை கழுவியிருப்பாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அம்மா ஒரு தடவை தேங்காயெண்ணெய்ப் பாட்டில் கொடுத்தனுப்பினாள்.

குழாயை மாட்டுமுன் அதிலுள்ள பெயரை இரண்டு பேர் சத்தமாகப் படிப்பார்கள். மூன்றாவதாக நோயாளியும் படிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத ஒரு பாட்டிக்கு அவருடைய குழாயில் மஞ்சள் நூல் கட்டிக் கொடுத்திருந்தாள். கழுவிய குழாயின் கொள்ளளவை ஒவ்வொரு தடவையும் அளப்பாள். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவாள். ஊசியை முந்தின தடவை குத்திய இடத்தில் குத்த மாட்டாள். ஒரே இடத்தில் குத்தினால் வலிக்காது, நோயாளியே அங்கே குத்து என்பார். ஆனால் அந்த இடம் பலூன் மாதிரி ஊதிவிடும். அப்பாவின் நோட்டில் அதற்குப் பிறகு கையின் படம் ஒன்று வரைந்து, குத்திய இடங்களுக்கு ஸ்டேஜ் எண் போட்டிருக்கிறார்.

இன்னொரு விசேஷம் முடிந்து மறுபடி எடை கூடிப் போனபோது அப்பாவுக்கு நடுக்கம். அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, ஒரு நடையில அம்புட்டுக் கூட்டத்தையும் ஏத்த முடியுமா? படியில தொங்கினா விழுந்துருவாங்கள்ல. இன்னைக்குப் பாதி ஏத்துவோம். நாளைக்கு ஒரு ஸ்பெஷல் விடுவோம்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். மறுநாள் கூடுதலாக ஒரு நடை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே 'ஸ்பெஷல்' என்றே எழுதியிருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தொடங்குமுன் கொஞ்சம், முடிந்தபின் கொஞ்சம் ரத்தம் எடுத்து யூரியா எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். குறைந்தது 65 சதவீதமாவது குறைய வேண்டும். மிஷின் ஓடியது என்பதற்கும் ரத்தம் சுத்தமானது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுகிற எண் அது. பழைய இடத்தில் அப்படி ஒரு பரிசோதனை இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. இங்கே முதல் தடவை பார்த்தபோது 58. ஊசியின் அளவை மாற்றினார்கள், நாலு மணி நேரத்தில் ஒரு நிமிஷம் குறைக்கவில்லை. அடுத்த தடவை 68. அப்பாவுக்கு நாக்கில் ருசி திரும்பியது. ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தது குறைந்தது. அம்மா அவித்து நீரை வடித்துக் கொட்டிச் சமைத்த காயை, சப்பென்று இருந்தாலும், தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட ஆரம்பித்தார்.

மாடியில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. ஒரு நாள் அப்பா கேட்டதால் திறந்து காட்டினாள். தண்ணீர் சுத்திகரிக்கும் அறை. ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம், ஒருவருக்கு நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ஓட, அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. நாம் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் குளோரின் இருந்தால் வயிறு தாங்கிக்கொள்ளும். இங்கே அது நேராக ரத்தத்தில் கலந்து சிவப்பணுவை உடைத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர்தான் வரும், கோடையில் லாரித் தண்ணீர். காலையில் முதல் ஆளைப் படுக்க வைப்பதற்கு முன், சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். மஞ்சள் தட்டினால் அன்றைக்கு மிஷினைத் தொட மாட்டாள். ஒரு தடவை அப்படி மஞ்சள் தட்டி, வடிகட்டியை மாற்றும்வரை நாங்கள் எல்லாரும் மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சிலர் சத்தம் போட்டார்கள். அந்த நிலையத்து டாக்டர் வெளியே வந்து, 1996-இல் பிரேசில் நாட்டில் கருவாரு என்ற ஊரில் நடந்ததைச் சொன்னார். நீர்த்தேக்கத்திலிருந்து வந்த தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்கு விட்டார்கள். அதிலிருந்த பாசியின் நஞ்சு ரத்தத்தில் ஏறி ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வராந்தாவில் பேச்சு மூச்சு இல்லை.

மின்வெட்டுக் காலம் வந்தது. 2012-ஐ ஒட்டிய அந்த நாள்களை மறக்க முடியாது. நெல்லைப் பக்கம் மணிக்கு மணி கரண்ட் போகும். ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் ஒரு மத்தியானம் அது கனைத்துக் கனைத்து நின்றுவிட்டது. ஆறு பேரின் ரத்தமும் வெளியே குழாயில். நின்றால் உறைந்துவிடும். அந்தப் பெண்ணும் இன்னொரு டெக்னீஷியனும் மிஷினில் மடக்கி வைத்திருந்த கைப்பிடிகளை எடுத்துப் பொருத்தி ரத்த பம்பைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்கள். எங்களையும் கூப்பிட்டு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எவ்வளவு வேகம் என்று காட்டிக் கொடுத்தாள். நான் அப்பாவின் மிஷினைச் சுற்றினேன். பக்கத்தில் சுரண்டைக்காரர் மனைவி, அதற்கடுத்து கழுகுமலை அண்ணாச்சியின் மகன். வேர்வை வழிய வழிய ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவள் கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவர் ரத்தத்தையும் உடம்புக்குள் திருப்பி அனுப்பி முடித்தாள். அப்பா படுத்தபடியே, "அந்தக் காலத்துல முன்னால நின்னு இரும்பைப் போட்டுச் சுத்தித்தான் பஸ்ஸைக் கிளப்புவாங்க" என்று சுரண்டைக்காரருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏறுகிற ஊர்தான் பெயர். சுரண்டை, கழுகுமலை, சங்கரன்கோவில், வள்ளியூர். ஒரு கட்டில் காலியாக இருந்தால், "வள்ளியூர் ஏறலியா?" என்பார். அந்தப் பெண் சில நேரம், "லேட்டா வருவாங்க ஐயா" என்பாள். சில நேரம் பதில் சொல்லாமல் படுக்கை விரிப்பை மாற்றப் போய்விடுவாள். அப்போது அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த ஊரின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அந்தப் பக்கத்தில் பதினாலு கோடுகள் இருக்கின்றன.

திரும்பி வருகிற பயணம்தான் கஷ்டம். பழைய சகாக்கள் டிரைவருக்குப் பின் இருக்கையை அவருக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு நாள் தாழையூத்து தாண்டி ஒரு பிரேக்கில் அப்பா பழக்க தோஷத்தில் இடது கையால் கம்பியைப் பிடித்துவிட்டார். கட்டு நனைந்தது. சட்டை நனைந்தது. பேருந்து முழுக்கக் கூச்சல். அப்பா பதறவில்லை. "தாயி, கட்டை விரலை வச்சி அமுக்கு. கங்கைகொண்டான் வர வரைக்கும் எடுக்காத" என்றார். அமுக்கினேன். கங்கைகொண்டானில் எடுத்தபோது நின்றிருந்தது. அடுத்த நடையில் அதைச் சொன்னதும், அந்தப் பெண் கடைசி ஒரு மணி நேரம் ரத்தம் உறையாமலிருக்கிற மருந்தை நிறுத்தினாள். முடிந்ததும் அப்பாவை இருபது நிமிஷம் உட்கார வைத்து, நிற்க வைத்துப் பிரஷர் பார்த்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, அதன்பிறகே அனுப்பினாள். அதோடு அவள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க மாட்டாள். "ஐயா வீடு வந்தாச்சா?" என்று ஏழு மணிக்குப் போன் வரும்.

மாசி பிறந்தால் ரோட்டோரத்தில் பதநீர்க் குடங்கள் வந்துவிடும். அப்பாவுக்கு அது உயிர். பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காயைச் சீவிப் போட்டு, வண்டியை நிறுத்திக் குடித்த காலம் உண்டு. இப்போது இளநீர், பதநீர், வாழைப்பழம் எதுவும் ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். கயத்தாறு விலக்கில் பதநீர்க்காரர் ஜன்னலோரம் வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு கோடையில் ஒரு வாய் கேட்டதில்லை. நானும் அவர் இருந்தவரை பதநீர் குடிக்கவில்லை.

நடை 588 ஒரு வியாழக்கிழமை. நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. முன் 56.4, பின் 54. திங்கட்கிழமைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தார். ஞாயிறு பின்னிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உலகத்தில் பல நாடுகளில் வாரம் மூன்று தடவை செய்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு தடவைதான். அந்த நீண்ட இடைவெளியின் கடைசி நாள்தான் இந்த நோயாளிகளின் இதயத்துக்கு ஆகாத நாள் என்று டாக்டர் சொன்னார். காரியத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த விரல்களில் வெடிப்பு அப்படியே இருந்தது.

1962-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வெளிநோயாளிகளுக்கென்று டயாலிசிஸ் நிலையம் தொடங்கியபோது மிஷின்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு இருந்தது. அவர்கள் ஒருவருக்கு ஆம் என்றால் இன்னொருவருக்கு இல்லை என்று பொருள். நம் ஊரில் காசுதான் அந்தக் குழுவாக இருந்தது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2016-இல் மத்திய அரசின் டயாலிசிஸ் திட்டம் வந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மருந்துப் பை வீட்டுக்கே வருகிறது. இதையெல்லாம் பார்க்க அப்பா இல்லையே என்று நினைப்பேன். மிஷின் கிடைக்குமா என்று கேட்ட காலம் பெரும்பாலும் போய்விட்டது. அந்த மிஷினில் என்ன நடக்கிறது என்று கேட்கிற பழக்கம்தான் இன்னும் நமக்கு வரவில்லை. டாக்டரைக் கடவுள் என்கிறோம். கடவுளிடம் மணிக்கணக்குக் கேட்பதா என்று கூச்சப்படுகிறோம். நான் கூச்சப்பட்டேன். அதனால் ஒரு கையின் ஓட்டம் நின்றது.

இவ்வளவையும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் சொல்லி முடித்தபோது பத்தரை மணி. ஆஸ்பத்திரிப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. அந்தச் சின்ன நிலையமும் இப்போது அந்த இடத்தில் இல்லை. அந்தப் பெண் திருமணமாகி வேறு ஊருக்குப் போய் அங்கேயும் அதே வேலைதான் செய்கிறாள். "எந்த எடமா இருந்தாலும் போ. போனதும் கை கழுவுறாங்களான்னு பாரு. குழாயில இருக்கிற பேரை நீ படி. தண்ணி எப்ப டெஸ்ட் பண்ணுனாங்கன்னு கேளு, யூரியா எவ்வளவு குறைஞ்சதுன்னு கேளு. டி.வி. பாக்காத, கடிகாரத்தைப் பாரு" என்றேன். கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கி, அப்பா போட்ட மாதிரியே பத்தி பிரித்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் நாள் என்பதால் இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். உடம்பு பழக வேண்டும், முதலில் அப்படித்தான் செய்வார்கள். நேரத்தைக் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோய் நேற்றுதான் முழு நாலு மணி நேரம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ராத்திரி நோட்டோடு வந்தாள்.

"மூணரைக்கே எடுக்க வந்தாங்கக்கா. டாக்டர் நாலுன்னு எழுதியிருக்காரு, நாலு ஆகட்டும்னு சொன்னேன். சரின்னு விட்டுட்டாங்க."

நோட்டில் எழுதியிருந்தாள்: 4.00.